குடலின் உட்சவ்வில் நோயெதிர்ப்பு செல்கள் அதிகம் என்கிறது பயாப்ஸி அறிக்கை: இதற்கு என்ன பொருள்?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எழுதியிருப்பவர் 36 வயதுடைய பள்ளி ஆசிரியை. ஏறத்தாழ ஓராண்டாக வயிற்று உப்புசம், அவ்வப்போது இளகிப் போகும் மலம், உறங்கி எழுந்தாலும் தீராத சோர்வு ஆகியவற்றால் அவதிப்பட்டு வந்த இவருக்கு, இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு தெரியவந்ததையடுத்து எண்டோஸ்கோபி செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு எல்லாம் இயல்பாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளைப் பற்றிய பயாப்ஸி அறிக்கை, “குடலுறிஞ்சிகளின் வடிவம் இயல்பாக உள்ளது, எபிதீலியத்தினுள் லிம்ஃபோசைட்டுகள் கூடியுள்ளன, 100 எபிதீலிய செல்களுக்கு ஏறத்தாழ 38” என்று முடிகிறது. அதை விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத நிலையில், தாமாகவே தேடிப் படித்த இவர், லிம்ஃபோசைட் என்ற சொல்லை லிம்ஃபோமா என்ற புற்றுநோயோடு சேர்த்துப் புரிந்துகொண்டு பல இரவுகள் உறக்கமின்றித் தவித்திருக்கிறார். அறிக்கை வந்த வாரமே கோதுமையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதங்களில் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. நாத்தனார் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி ஒன்றைச் சாப்பிடச் சொல்கிறார். உடன் பணிபுரிபவர் ஒருவரோ, தமக்குக் குடல் அழற்சியைக் குணப்படுத்திய ஸ்டீராய்டு மாத்திரையைக் கேட்டு வாங்கும்படி சொல்கிறார். தலைவலிக்காக வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் வலிநிவாரணி எடுப்பதாகக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. எட்டு வயது மகளும் அடிக்கடி வயிற்று வலி என்கிறாளாம். “எனக்குப் புற்றுநோயா? இந்த செல்களை வலுப்படுத்த வேண்டுமா, அடக்க வேண்டுமா? மீண்டும் கோதுமை சாப்பிட்டால்தான் நோயைக் கண்டுபிடிக்க முடியும் என்கிறார்களே, அது தேவையா? மகளுக்கும் கோதுமையை நிறுத்திவிடட்டுமா?” என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்களை உறங்கவிடாமல் செய்த கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியிருக்கும் அறிக்கையில் புற்றுநோயைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. லிம்ஃபோசைட் என்பது நம் ஒவ்வொருவர் உடலிலும் உள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை. லிம்ஃபோமா என்பது அந்த வகை செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நோய். முன்னது கூடியிருக்கிறது என்று எழுதுவதும் பின்னது இருக்கிறது என்று எழுதுவதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதை எழுத வேண்டியிருந்தால் எந்த நோயியல் மருத்துவரும் அதை ஒரு வரியில் புதைத்துவிட மாட்டார். ஓர் அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் பொருளைச் சொல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது அவரைத் தேவையில்லாத துன்பத்துக்கு ஆளாக்குகிறது என்பதை உங்கள் கடிதம் எனக்கு மீண்டும் உணர்த்தியது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த செல்களுக்கு அங்கே என்ன வேலை

நோயெதிர்ப்பு செல்கள் “தவறான இடத்தில் புகுந்துவிட்டன” என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவை அங்கே குடியிருப்பவை. சிறுகுடலின் உட்பரப்பில், நாம் உண்ட உணவுக்கும் நம் இரத்த ஓட்டத்துக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு செல் அடுக்கு. அதுதான் எபிதீலியம். மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை தன்னை முழுவதுமாகப் புதுப்பித்துக்கொள்ளும் அந்த மெல்லிய அடுக்கு, ஊட்டச்சத்துகளை உள்ளே விட வேண்டும், கிருமிகளை வெளியே நிறுத்த வேண்டும், குடலில் நிரந்தரமாக வாழும் கோடிக்கணக்கான நன்மை தரும் பாக்டீரியாக்களோடு சண்டையிடாமலும் இருக்க வேண்டும். இவ்வளவையும் ஓர் அடுக்கு செல்கள் தனித்துச் செய்ய முடியாது. ஆகவே அந்த செல்களுக்கு இடையிலேயே, அடித்தளத்தை ஒட்டி, லிம்ஃபோசைட்டுகள் அமர்ந்திருக்கின்றன. நலமாக இருக்கும் ஒருவரின் சிறுகுடலிலும் ஏறத்தாழ ஐந்து முதல் பத்து எபிதீலிய செல்களுக்கு ஒன்று என்ற அளவில் அவை உண்டு.

இவற்றில் பெரும்பாலானவை டி-செல் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. இரத்தத்தில் சுற்றிவரும் டி-செல்களைப் போல இவை ஊர் சுற்றுவதில்லை. எபிதீலிய செல்களின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு, அந்த இடத்திலேயே நீண்ட காலம் தங்கிவிடுகின்றன. மாற்றுச் சிறுகுடல் பொருத்தப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, கொடையாளியின் குடலோடு வந்த இத்தகைய செல்கள் ஓராண்டுக்குப் பிறகும் அங்கேயே இருந்தது தெரியவந்தது. தொற்றுக்கு உள்ளான எபிதீலிய செல் தன் மேற்பரப்பில் துயரக் குறி ஒன்றை வெளியிடும்போது, அதைக் கண்டறிந்து அந்தச் செல்லை அகற்றுவது இவற்றின் ஒரு பணி. காமா-டெல்டா டி-செல்கள் எனப்படும் ஒரு சிறு பிரிவு, எபிதீலியம் வளர்வதற்கான ஊக்கிகளைச் சுரந்து, காயம்பட்ட இடம் ஆறவும் துணை நிற்கிறது என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. கொல்லும் திறனும் ஆற்றும் திறனும் ஒரே குடியிருப்பில் அருகருகே இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுவதா அடக்குவதா என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கிருந்துதான் வருகிறது.

எபிதீலியத்துக்குக் கீழே உள்ள தளர்ந்த திசுவில் இன்னும் பெரிய கூட்டம் இருக்கிறது. பிளாஸ்மா செல்கள் நாளொன்றுக்குப் பல கிராம் ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருளை உற்பத்தி செய்து குடலுக்குள் அனுப்புகின்றன. அந்த எதிர்ப்பொருள் கிருமிகளைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அவை உட்சவ்வில் ஒட்டாதபடி தடுத்து வெளியேற்றிவிடுகிறது. அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் பாக்டீரியாவை விழுங்கினாலும், உடலின் பிற இடங்களில் செய்வதைப் போல அழற்சியைக் கிளப்புவதில்லை. டென்ட்ரிட்டிக் செல்கள் உணவிலுள்ள புரதத்தின் மாதிரியை எடுத்துச் சென்று, அருகிலுள்ள நிணநீர் முடிச்சில் ‘இது உணவு, இதை எதிர்க்க வேண்டாம்’ என்று கற்பிக்கின்றன. அந்தப் பாடத்தை நிலைநிறுத்துபவை ஒழுங்குபடுத்தும் டி-செல்கள். அந்தக் கற்பித்தலில் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினோயிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு. நாள்தோறும் அந்நியப் புரதங்களை உண்டும் நாம் நலமாக இருப்பது இந்தப் பொறுமையால்தான். குடலிலுள்ள நோயெதிர்ப்பு மண்டலம் செய்யும் பணியில் பெரும்பகுதி, எதிர்க்காமல் இருப்பதுதான் என்று சொன்னால் அது மிகையில்லை.

38 என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

100 எபிதீலிய செல்களுக்கு 25 லிம்ஃபோசைட்டுகள் வரை இயல்பு என்று இன்று பெரும்பாலான நோயியல் மருத்துவர்கள் கொள்கிறார்கள். நெடுங்காலம் அந்த வரம்பு 40 ஆக இருந்தது. 1971-இல் வெளியான ஓர் ஆய்வில், சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜூனத்தின் திசுக்களை எண்ணி வகுத்த வரம்பு அது. எண்டோஸ்கோபி பரவலானபின் திசு எடுப்பது தொடக்கப் பகுதிக்கு மாறியதும், அங்கே இயல்பான எண்ணிக்கை குறைவு என்பது தெரிந்து வரம்பும் இறங்கியது. உங்கள் 38, இந்த இரண்டு வரம்புகளுக்கும் நடுவில் நிற்கிறது. அதே கண்ணாடித் தகட்டை முந்தைய தலைமுறை மருத்துவர் ஒருவர் பார்த்திருந்தால் இயல்பு என்றே எழுதியிருக்கக்கூடும். கண்டுகொள்ள வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த எண் ஒரு கூர்மையான எல்லைக்கோட்டின் அந்தப் பக்கம் இருப்பதல்ல என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

பிரித்தானிய மருத்துவர் மைக்கேல் மார்ஷ் 1992-இல் வகுத்த படிநிலையில், லிம்ஃபோசைட்டுகள் மட்டும் கூடி, குடலுறிஞ்சிகள், அதாவது சத்தை உறிஞ்சுவதற்காகச் சிறுகுடலின் உட்பரப்பில் விரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய மடிப்புகள், தேயாமல் இருக்கும் நிலை முதற்படி. சீலியாக் நோயில், அதாவது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடல் தன் குடலையே தாக்கும் நோயில், இந்தப் படி காணப்படுவது உண்டு. ஆனால் இந்தப் படியைக் கண்டதும் சீலியாக் நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. நெருப்பில்லாமல் புகையாது என்பது சரி. ஆனால் புகையை மட்டும் பார்த்து எரிவது என்ன என்று யாராலும் சொல்ல இயலாது. இதே மாற்றத்தோடு வந்த 100 பேரை ஒரு பிரித்தானிய மருத்துவக் குழு முறையாக ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவில், சீலியாக் நோய் உறுதியானவர்கள் 16 பேர் மட்டுமே.

மற்றவர்களுக்கு இருக்கக்கூடிய காரணங்களில் உங்களுக்குப் பொருந்துபவை சில. வயிற்றில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா அவற்றில் ஒன்று. அதுவே இரும்புச்சத்துக் குறைவையும் உண்டாக்க வல்லது. ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணித் தொற்று, சிறுகுடலில் பாக்டீரியா மிகுதல், தைராய்டு முதலிய உறுப்புகளின் தன்னெதிர்ப்பு நோய்கள், குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் ஆகியவையும் பட்டியலில் உள்ளன. இவற்றோடு, நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் குறிப்பிட்ட வலிநிவாரணியையும் நான் முன்னால் கொண்டுவந்து வைப்பேன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் எபிதீலியத்தைச் சேதப்படுத்தக் கூடியவை. அடிக்கடி எடுப்பவர்களிடம் இதே பயாப்ஸி மாற்றத்தையும், கண்ணுக்குத் தெரியாத சிறு இரத்தக்கசிவால் இரும்புச்சத்து இழப்பையும் காண்கிறோம். நீங்கள் எடுப்பது எந்த மருந்து என்று எழுதவில்லை. அதன் பெயரையும் அளவையும் எழுதி எடுத்துச் சென்று உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் மாத்திரை தேவைப்படும் தலைவலிக்குத் தனியாக ஒரு சிகிச்சை தேவை. அதை இரண்டாம் தரப் பிரச்சினையாக ஒதுக்காதீர்கள். சில வேளைகளில் அடிக்கடி எடுக்கும் வலிநிவாரணியே தலைவலியை நீடிக்கச் செய்வதும் உண்டு.

எந்தக் காரணமும் கிடைக்காமல் போகும் சாத்தியமும் இருக்கிறது; மேலே சொன்ன ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. தேடிப் பார்த்தபின் காரணம் கிடைக்காததும், தேடாமலே விட்டுவிடுவதும் ஒன்றல்ல.

புற்றுநோய் பற்றிய அச்சம்

உங்கள் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொன்னால், நீங்கள் மீண்டும் தேடிப் படிக்கும்போது என் மீது நம்பிக்கை இழப்பீர்கள். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். குடலின் இந்த லிம்ஃபோசைட்டுகளிலிருந்து தோன்றும் ஒரு லிம்ஃபோமா இருக்கிறது. அது மிக அரிது. பெரும்பாலும் சீலியாக் நோய் நெடுங்காலம் கண்டறியப்படாமல் இருந்தவர்களிடமோ, குளூட்டனை முற்றிலும் விலக்கியும் குடல் ஆறாதவர்களிடமோதான் அது காணப்படுகிறது. அத்தகையவர்களின் குடலுறிஞ்சிகள் பொதுவாகத் தேய்ந்திருக்கும். லிம்ஃபோசைட்டுகள் இயல்பாகத் தம் மேற்பரப்பில் தாங்கும் அடையாளப் புரதங்களை இழந்திருக்கும். ஒரே செல்லின் வாரிசுகளாக அவை பெருகியிருப்பது சிறப்புப் பரிசோதனையில் தெரியும். உங்கள் அறிக்கையோ குடலுறிஞ்சிகளின் வடிவம் இயல்பு என்கிறது. லிம்ஃபோசைட்டுகள் சற்றுக் கூடியிருப்பது அந்த நோயின் தொடக்கம் என்று கருத இடமில்லை.

இருந்தும், முயற்சியின்றி எடை குறைதல், விடாத காய்ச்சல், இரவில் உடல் நனையும் வியர்வை, மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, நாளுக்கு நாள் கூடும் வயிற்று வலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். கடிதத்தில் இவை எதையும் நீங்கள் குறிப்பிடவில்லை.

கோதுமையை நிறுத்தியதால் நேர்ந்த சிக்கல்

இங்கேதான் உங்களோடு சற்று முரண்பட வேண்டியிருக்கிறது. கோதுமையை நிறுத்தியதும் உடல் தேறியது, ஆகவே நோய் கோதுமையால்தான் என்பது இயல்பாகத் தோன்றும் முடிவு. ஆனால் அது உறுதியான முடிவல்ல. கோதுமையில் குளூட்டன் மட்டும் இல்லை. ஃபிரக்டான் என்ற, பலருக்குச் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவை உண்டாக்கும் மாவுப்பொருளும் இருக்கிறது. தமக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்வதில்லை என்று நம்பியவர்களைக் கொண்டு நார்வேயில் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்குத் தொல்லை தந்தது குளூட்டனைவிட ஃபிரக்டானாகவே இருந்தது. ஃபிரக்டானால் வரும் உப்புசம் தொல்லை தரும். ஆனால் குடலைச் சிதைக்காது. சீலியாக் நோயோ குடலையும் எலும்பையும் இரத்தத்தையும் பாதிக்கும். இரண்டுக்கும் கோதுமையை விலக்கும்போது நிவாரணம் கிடைக்கிறது. இரண்டுக்கும் வேண்டிய கட்டுப்பாடு மட்டும் ஒன்றல்ல.

சீலியாக் நோயில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இந்த வேறுபாடு விளங்கும். குளூட்டனின் சில துண்டுகள் செரிமான நொதிகளுக்கு அகப்படாமல் உட்சவ்வைக் கடக்கின்றன. அங்கே டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி அவற்றைச் சற்றே மாற்றுகிறது. இந்த நொதியே நோயாளியின் எதிர்ப்பொருளுக்கு இலக்கு என்பது 1997-இல் கண்டறியப்பட்டது. எச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 என்ற மரபணு வகையைப் பெற்றவர்களிடம், மாற்றப்பட்ட துண்டுகள் கீழ்த்திசுவிலுள்ள டி-செல்களைத் தூண்டுகின்றன. அதே வேளையில் எபிதீலியம் இன்டர்லூகின்-15 என்ற சமிக்ஞையை மிகுதியாக வெளியிட, இதுவரை அமைதியாக அமர்ந்திருந்த லிம்ஃபோசைட்டுகள் பெருகி, நலமான எபிதீலிய செல்களையே துயரத்தில் இருப்பவையாகக் கருதிக் கொல்லத் தொடங்குகின்றன. குளூட்டன் வரத்து நின்றால் இந்தத் தொடர் அறுந்து குடல் ஆறும். கண்டறிதலில் உள்ள சிக்கலும் இதே காரணத்தால்தான் எழுகிறது: குளூட்டனை நிறுத்தியவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் மெல்லக் குறைந்து மறைந்துவிடும். நீங்கள் நிறுத்தி இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது எடுக்கும் பரிசோதனை ‘இல்லை’ என்று காட்டினால், அதை நம்ப முடியாது.

ஆகவே மீண்டும் கோதுமை சாப்பிடச் சொல்பவர்கள் காரணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன மரபணு வகை உங்களிடம் உள்ளதா என்ற இரத்தப் பரிசோதனை, நீங்கள் என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் மாறாதது. இரண்டு வகையும் இல்லை என்றால் சீலியாக் நோய் ஏறத்தாழ முற்றிலுமாக விலக்கப்படும். கோதுமைச் சோதனைக்கே அவசியமில்லை. இருக்கிறது என்றால் நோய் உறுதி என்று பொருளில்லை. மக்களில் 30 முதல் 40 விழுக்காட்டினர் அவற்றைச் சுமக்கிறார்கள். நோய் வருவது ஏறத்தாழ 100-இல் ஒருவருக்குத்தான். அப்போது உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கும்.

முதல் வழி, மருத்துவரின் கண்காணிப்பில், நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவை ஆறு வாரங்களேனும் உண்டு, அதன்பின் டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளையும் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பார்ப்பது. மொத்த அளவையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், சிலருக்குப் பிறவியிலேயே ஐ.ஜி.ஏ. சுரப்பதில்லை, அவர்களிடம் வழக்கமான பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டும். இந்த வாரங்களில் பழைய தொல்லைகள் திரும்பக்கூடும் என்பதால், பள்ளித் தேர்வுக் காலத்தைத் தவிர்த்து விடுமுறையையொட்டித் தொடங்குவது உங்களுக்கு எளிதாக இருக்கும். தாங்க முடியாத அளவுக்குப் போனால் இடையில் நிறுத்தி, அதுவரை உண்டதை வைத்தே பரிசோதிக்கலாம். நீங்கள் கருவுற்றிருந்தாலோ, கருத்தரிக்கத் திட்டமிட்டிருந்தாலோ, தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது வழி, கண்டறிதலைக் கைவிட்டு, கோதுமையின்றியே வாழ்ந்துவிடுவது. இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. யாரும் உங்களைச் சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அதன் விலையைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். உண்மையிலேயே சீலியாக் நோய் என்றால், கோதுமையை மட்டுமல்லாமல் பார்லி, ரை ஆகியவற்றையும், பிற உணவில் அவற்றின் துகள் கலப்பதையும் வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டும். எலும்பின் வலுவையும் சத்துக் குறைபாடுகளையும் அவ்வப்போது அளக்க வேண்டும். இரத்த உறவினரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லை என்றால் இவற்றில் எதுவும் தேவையில்லை. தெரியாமலே இருப்பவர்கள், ஒன்று தேவைக்கு மேல் தம்மை வருத்திக்கொள்கிறார்கள், அல்லது அவ்வப்போது விலகிப் போகும் அரைகுறைக் கட்டுப்பாட்டில் நின்றுவிடுகிறார்கள். உங்கள் வயதையும், இரும்புச்சத்துக் குறைவையும், இந்தக் கேள்வியில் ஒரு குழந்தையும் சம்பந்தப்பட்டிருப்பதையும் பார்க்கும்போது, நான் உங்கள் மருத்துவராக இருந்தால் முதல் வழியையே பரிந்துரைப்பேன்.

கூட்டும் பொடியும் அடக்கும் மாத்திரையும்

எதிர்ப்பு சக்தி என்பது கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒற்றை அளவு என்ற எண்ணம் மக்களிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. குடலின் உட்சவ்வை ஒருமுறை நெருங்கிப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அங்கே தாக்கும் செல்லும், தாக்குதலைத் தடுக்கும் செல்லும், காயத்தை ஆற்றும் செல்லும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டு இருக்கின்றன. இவற்றில் எதைக் கூட்டுகிறது நாத்தனார் சொல்லும் பொடி? அதற்கு விடை தரும் தயாரிப்பு எதையும் நான் பார்த்ததில்லை. உங்களுக்குச் சீலியாக் நோய் இருந்தால் தொல்லையே மிகையான எதிர்ப்புத்தான். அதைத் தூண்டுவது எப்படி நன்மையாகும்? மேலும் இத்தகைய பொடிகளில் சிலவற்றுக்குக் கல்லீரலைப் பாதித்த வரலாறு உண்டு. நாத்தனார் அக்கறையோடுதான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரிடம் நன்றி சொல்லி, மருத்துவர் பரிசோதனை முடியும்வரை எதையும் சேர்க்க வேண்டாம் என்றார் என்று என் பெயரில் சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உடன் பணிபுரிபவருக்கு அது பயன்பட்டது, அவருடைய நோய் இன்னது என்று தெரிந்தபின் கொடுக்கப்பட்டதால். கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகியவற்றில், நோயெதிர்ப்பு செல்கள் குடலுக்குள் நுழையும் வழியை மட்டும் மறிக்கும் வெடோலிசுமாப் போன்ற மருந்துகள்கூட இன்று பயன்பாட்டில் உள்ளன. அவை எல்லாம் பெயர் தெரிந்த நோய்க்கானவை. உங்கள் நிலையில் ஸ்டீராய்டு தொல்லையைத் தற்காலிகமாக மூடிவிடும். ஒட்டுண்ணித் தொற்று இருந்தால் அதைத் தீவிரப்படுத்தலாம். பின்னால் எடுக்கும் பயாப்ஸியின் பொருளையும் குழப்பிவிடும்.

நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் அளந்து, ஒத்துக்கொள்ளாதவை என்று நீண்ட பட்டியல் தரும் பரிசோதனையையும் உங்களுக்கு யாரேனும் பரிந்துரைக்கலாம். அந்த எதிர்ப்பொருள் நீங்கள் அந்த உணவை உண்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் அறிவுறுத்தியுள்ளன. அதைச் செய்ய வேண்டாம்.

அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டியவை

உங்கள் பயாப்ஸி அறிக்கையின் முழுப் படியைப் பெறுங்கள். அது உங்களுடைய ஆவணம். எத்தனை துணுக்குகள் எடுக்கப்பட்டன, எந்த இடத்திலிருந்து என்று கேளுங்கள். சீலியாக் நோயில் மாற்றங்கள் திட்டுத்திட்டாக இருக்கக்கூடும் என்பதால், சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றிரண்டும் அதற்கு அடுத்த பகுதியில் நான்கும் எடுப்பதே நல்ல முறை. ஓரிரண்டு துணுக்குகள் மட்டும் எடுக்கப்பட்டிருந்தால், குடலுறிஞ்சிகள் இயல்பு என்ற சொல்லை அந்த அளவுக்கு மட்டுமே நம்பலாம். லிம்ஃபோசைட்டுகளைத் துல்லியமாக எண்ண சி.டி.3 என்ற சாயப் பரிசோதனை செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசுவிலேயே அதைச் செய்துவிடலாம். உங்களுக்கு இன்னொரு எண்டோஸ்கோபி தேவைப்படாது. அதே தகடுகளை, குடல் திசுவில் அனுபவமுள்ள இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் மருத்துவர் அரிது.

எண்டோஸ்கோபியின்போது வயிற்றுத் திசுவும் எடுக்கப்பட்டு ஹெலிகோபாக்டருக்குப் பார்க்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மலப் பரிசோதனையோ மூச்சுப் பரிசோதனையோ போதும். அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால், இரண்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தினால்தான் முடிவு சரியாக வரும். ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் நான்கு வாரங்கள் கழிய வேண்டும். ஜியார்டியாவுக்கும் மலப் பரிசோதனை உண்டு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு ஆகிய இரத்த அளவுகளும் பார்க்கப்பட வேண்டும். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவின் முழுப் பொறுப்பையும் குடல் மீது சுமத்துவதற்கு முன் அதையும் கேட்டாக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை இந்தத் தேடல் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கலாம்.

உங்கள் மகளைப் பற்றி

சீலியாக் நோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் 10 பேரில் ஒருவருக்கு வரை அதே நோய் இருக்கக்கூடும். ஆகவே மகளை நினைத்து நீங்கள் கவலைப்படுவது நியாயமே. ஆனால் அவளுடைய உணவிலிருந்து கோதுமையை இப்போது எடுத்துவிடாதீர்கள். எடுத்துவிட்டால் உங்களுக்கு நேர்ந்த சிக்கலே அவளுக்கும் நேரும். வளரும் குழந்தைக்குக் காரணமற்ற உணவுக் கட்டுப்பாடு தனியாக ஒரு தீங்கு. அவளுக்கு அடிக்கடி வயிற்று வலி இருப்பதால், உங்கள் முடிவுக்காகக் காத்திருக்காமல், அவள் வழக்கம்போல் எல்லாம் உண்டுகொண்டிருக்கும் இந்த நிலையிலேயே குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் பயாப்ஸி அறிக்கையைக் காட்டி, டிரான்ஸ்குளூட்டமினேஸ் எதிர்ப்பொருளும் மொத்த ஐ.ஜி.ஏ.வும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அவளுடைய உயரமும் எடையும் கடந்த இரண்டாண்டுகளில் எப்படி ஏறியிருக்கின்றன என்ற பதிவு பள்ளியிலோ வீட்டிலோ இருந்தால் அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.